வேப்பிலைச் சரி

நம்மாட்களுக்கு "வேண்டாம்" என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். ஆள் எதிரே நிற்கும்போதுதான் அது வாய்க்கு வராது. "பாத்துக்கலாம்" என்போம், "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்போம், ரொம்ப நெருக்கினால் "சரி" என்றே சொல்லிவிடுவோம். கேட்டவர் தெருமுனை தாண்டியதும் நம் இஷ்டப்படி நடந்துகொள்வோம். இதற்கு முகதாட்சண்யம் என்று கௌரவமான ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஒருத்தி மாட்டுங்காவில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்து, முதல் வகுப்பில் தேறி, தாராவியில் ஒரு சந்து முழுக்கக் கொசு வளர்க்கக் கிளம்பினாள். அந்த மேதை நான்தான்.

ஆமாம், கொசு வளர்க்கத்தான். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். "கொசுவை ஒழிக்கக் கொசுவையே வளர்ப்பாளாமா, இவளுக்கு திமாக் கெட்டுப் போச்சா?" என்று நீங்கள் மனசுக்குள் கேட்பதை எங்கள் சந்தில் சத்தமாகவே கேட்டார்கள். விஷயம் இவ்வளவுதான். வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா. எத்தனையோ பூச்சிகளின் உடம்பில் அது பாட்டுக்கு இருக்கிறது, மனுஷரை ஒன்றும் செய்யாது. அதை டெங்கு பரப்பும் கொசுவுக்குள் குடிவைத்துவிட்டால், டெங்குக் கிருமியால் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடியாது. கொசு கடிக்கும், ஆனால் டெங்கைக் கொடுப்பது குறைந்துவிடும். தாய்க் கொசுவிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளை, பேரப்பிள்ளை என்று பாக்டீரியா தொடர்ந்து போகும். கொஞ்ச நாளில் அந்த வட்டாரத்துக் கொசுவெல்லாம் நம் கொசு. (நம் கொசுவும் கடிக்கத்தானே செய்யும் என்று கேட்காதீர்கள். அன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.)

நான் வேலைக்குச் சேர்ந்த ஆராய்ச்சித் திட்டத்தின் தலைவி ஒரு மராத்தி அம்மாள். நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். மேடத்தின் கண் மும்பை மேல் இல்லை. மழை குறைந்த, வறண்ட ஊர்களின் மேல்தான். வறண்ட ஊரில் கொசு ஏது என்று தோன்றும். ஆனால் குழாயில் எப்போதாவது தண்ணீர் வரும் ஊரில்தான் டிரம், தொட்டி, அண்டா, குண்டா என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குக் கொசுவுக்கு அதைவிடச் சொகுசான இடம் கிடையாது. எங்கள் பாக்டீரியாக் கொசுவோ கொஞ்சம் செல்லப்பிள்ளை. சாதாரணக் கொசு முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எங்களுடையது அவ்வளவு தாங்காது. சூடு ஏறினாலும் உள்ளே பாக்டீரியா குறைந்துவிடும்.

ஆக, அந்த மாதிரி ஊரில் இதை வளர்க்க வேண்டுமென்றால், வீட்டு நிழலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தொங்கவிட்டு, முட்டை ஒட்டிய காகிதத் துண்டை அதற்குள் போட்டு, தண்ணீர் வற்றாமல் யாராவது தினமும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் கொசுவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் தர எந்தப் பெண் சம்மதிப்பாள்? மேடத்தின் கேள்வி அதுதான். அதை ஒத்திகை பார்க்க அவர் நினைத்த இடம் தாராவி. கோடைக்காலத் தகரக் கூரை, காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வரும் தண்ணீர். "இங்கே ஊற்றினால் எங்கேயும் ஊற்றுவார்கள். ஆனால் எந்தச் சந்து நமக்குக் கதவைத் திறக்கும்?" என்று கூட்டத்தில் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். "என் சந்து, மேடம். ஏக்தம் கேரண்டி."

எங்கள் சந்தில் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என் அப்பா. எல்லோருக்கும் அண்ணாச்சி. கடையின் முன்வரிசையில் சரம் சரமாகத் தொங்கியது கொசுவர்த்திச் சுருள். "மவ கொசு வளப்பா, அப்பன் கொசுவத்தி விப்பாரு. குடும்பமா நல்லாத்தாம் தொழில் பண்ணுதீய" என்று எதிர்வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் இசக்கி அத்தை சொல்லாத நாள் கிடையாது.

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. ஒரு பேச்சு மட்டும் பேசிக்கொண்டார். வடாலாவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. "வேல நெலச்சுதுன்னா நான் கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன். நெலைக்கலன்னா வடாலாக்காரங்களுக்கு நாள் சொல்லிருவேன். சரியா?" என்றார். "சரிப்பா" என்றேன். என் ஒப்பந்தம் மழைக்காலம் வரைக்கும்தான். சந்துச் சோதனை ஜெயித்தால் நீட்டிப்பார்கள், தோற்றால் வடாலா. கணக்கு எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஆனால் உண்மையில் நான் அந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் அம்மா. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் டெங்கு வந்து சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாட்களில் நான் பயந்த மாதிரி அதற்குப் பிறகு எதற்கும் பயந்ததில்லை. அம்மா பிழைத்து வந்தாள், முடி பாதி கொட்டி, பாதி ஆளாக. இனிமேல் இந்தச் சந்தில் யாரும் அப்படிப் படுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. வெறி வந்த ஆளுக்குக் காது கேட்காது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

வீடு வீடாகப் போனேன். கையில் படம் போட்ட அட்டை, தோளில் திட்டத்தின் பை, முகத்தில் எம்.எஸ்ஸி. "அக்கா, நான் அண்ணாச்சி மவ செல்வி வந்திருக்கேன்" என்று ஆரம்பிப்பேன். பாக்டீரியா, முட்டை, வறண்ட ஊர், மனித குலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "உங்க வீட்டு வாசல்ல ஒரு டப்பா தொங்கவிடலாம்லா?" என்பேன்.

"அதுக்கென்ன, சரி. அண்ணாச்சி மவ கேட்டு இல்லன்னு சொல்லுவமா? உக்காரு, கலர் குடிச்சிட்டுப் போ."

எல்லா வீட்டிலும் சரி. எல்லா வீட்டிலும் கலர் சோடா. வயிறு உப்பி வீட்டுக்கு வந்தேன். மக்களுக்கு அறிவியல் மேல் இவ்வளவு தாகமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. (தாகம் எனக்குத்தான் இருந்தது, அதைத்தான் கலர் கொடுத்துத் தீர்த்திருக்கிறார்கள்.)

இசக்கி அத்தை மட்டும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம்" என்றாள்.

"ஏன் அத்த?"

"எனக்கு வேண்டாம். கொசுவ நான் காசு குடுத்து வெரட்டுதேன். நீ சும்மா கொண்டாந்து குடுக்கே. நீ போ, எண்ண காயுது."

படிக்காதவள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். அந்த "பாவம்" இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

கடைசியாக எங்கள் வீடு. அம்மாவிடம்தான் கொஞ்சம் தயங்கினேன். கொசு என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கொசு காதோரம் பாடினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "அம்மா, நம்ம வாசல்ல முதல்ல கட்டினாத்தாம் மத்தவங்களுக்கும் நம்பிக்கை வரும்..." என்று இழுத்தேன்.

"சரிட்டி" என்றாள், நான் முடிப்பதற்குள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவைத் தொட்டுவிட்டு வந்த என் அம்மா என் படிப்பை நம்பி வாசலில் கொசு வளர்க்கச் சம்மதித்துவிட்டாள்! அந்தக் கதையை அலுவலகத்தில் சொல்லி நாலு பேரை அழவைத்தேன்.

டப்பா கட்டியாயிற்று. வெள்ளை பிளாஸ்டிக், மேலே மூடி, மூடிக்குக் கீழே கொசு வெளியே பறக்கச் சின்னச் சின்ன ஓட்டை, பக்கவாட்டில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய மெல்லிசாக ஒரு கண்ணாடிக் கோடு. தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மூடியைத் திறந்து உள்ளே கலைக்கக் கூடாது என்று மேடம் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் தினமும் வேலைக்குப் போகும்போது அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டே போவேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தகரத்தில் அப்பளம் சுடலாம். தண்ணீர் வரும் நேரம் இன்னும் சுருங்கியது, குழாயடியில் குடத்துக்குக் குடம் சண்டை. ஆனால் எங்கள் டப்பாக்களில் கோடு ஒரு விரல்கூட இறங்கவில்லை! எல்லா வீட்டிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

மேடத்துக்கு நம்ப முடியவில்லை. "எல்லா வீட்டிலுமா? இந்த வெயிலிலா?"

"எல்லா வீட்டிலும் மேடம். எங்கள் பெண்கள் சொன்னால் சொன்னதுதான்."

கொசு வெளியே வருகிறதா என்றும் கேட்டார். தாராவியில் போய்க் கொசு வருகிறதா என்று பார்ப்பது, காலை நேரத்தில் சயான் ஸ்டேஷனில் ஆள் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி. எங்கே திரும்பினாலும் கொசு. பறந்ததையெல்லாம் நான் நம் பிள்ளை என்றே நம்பினேன். ஒரு நாள் என் முழங்கையில் உட்கார்ந்து கடித்த ஒன்றைப் பாசமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிக்கக் கை வரவில்லை.

மேடம் அந்த உற்சாகத்தில் ஒரு காரியம் செய்துவிட்டார். வறண்ட ஊர் ஒன்றிலிருந்து, இதைத் தங்கள் பக்கம் கொண்டுபோகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அதிகாரிகள் மூன்று பேரை வரவழைத்துவிட்டார். "செல்வி, உன் சந்தைக் காட்டலாம். டப்பாவைத் திறந்து, கொசு வெளியேறி மிச்சமிருக்கும் தோலைப் பார்த்தால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்" என்றார்.

அன்றைக்கு நான் புதுச் சுடிதார். சந்து முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம். பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று கைகூப்பினார்கள். முதல் வீட்டு அக்கா, மேடம் கேட்பதற்கு முன்னாலேயே தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "பஹுத் அச்சா மச்சர், மேடம். காட்டவே மாட்டேங்குது" என்றாள். கடிக்கவே மாட்டேனென்கிறது என்று அர்த்தம். அதிகாரிகள் குறிப்பு எழுதிக்கொண்டார்கள்.

மேடம் மூடியைத் திறந்தார்.

பிரசவ வீட்டில் வருமே, கஷாய வாசம், அது குப்பென்று வந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் தண்ணீர். மேலே கொத்துக் கொத்தாக வேப்பிலை. முட்டைக் காகிதம் அடியில் நனைந்த சோற்றுப் பருக்கை மாதிரி கிடந்தது. உயிருள்ள வஸ்து ஒன்றும் இல்லை.

"இது என்ன?" என்றார் மேடம் ஹிந்தியில்.

"காத்துல இலை விழுந்திருக்கும் மேடம்" என்றேன். எங்கள் சந்தில் மரமே கிடையாது. டப்பாவுக்கு மூடி வேறு இருந்தது.

அடுத்த வீடு. திறந்ததும் மண்ணெண்ணெய். தண்ணீருக்கு மேல் வானவில் மிதந்தது. வீட்டுக்கார அம்மாள் என்னை ஆறுதலாகப் பார்த்துச் சிரித்தாள். அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அதில் முட்டைக் காகிதத்தையே காணோம். "பத்திரமா இருக்கு செல்வி, நனஞ்சிரக் கூடாதுல்லா" என்று அந்தச் சித்தி உள்ளே ஓடிப்போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்து வந்தாள். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. நாலாவது டப்பாவில் இரண்டு மீன். கொழுகொழுவென்று, மாப்பிள்ளை மாதிரி. "நீ போட்ட தீனி அதுக்கு ரொம்பப் புடிக்குதுட்டி" என்றார்கள். நான் போட்ட தீனி என்று அவர்கள் சொன்னது எங்கள் ஆய்வுக்கூடத்தின் எதிர்காலத்தை.

அதற்கப்புறம் வரிசையாக எல்லா டப்பாவிலும் வேப்பிலைதான். அதிகாரிகளில் ஒருவர் குறிப்பேட்டை மூடிவிட்டார். வெயிலில் எனக்கு முதுகில் வேர்வை வழிந்தது. எதிர்வாசலில் இசக்கி அத்தை முறுக்குத் தட்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அன்னிக்கே வேண்டாம்னுட்டேன். இவளுவதாம் சரி சரின்னாளுவ. இப்பப் பாரு கூத்த" என்றாள், சந்துக்கே கேட்கும்படி.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "மேடம், கடைசி வீடு எங்க வீடு. எங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது. மேடத்துக்கு அந்த அழுகைக் கதை தெரியும். அவரும் வேகமாக நடந்தார்.

எங்கள் டப்பாவுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன், ஆசையாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். மேடம் மூடியை எடுத்தார். மற்ற வீடுகளில் வாடிய இலை. இங்கே அன்று காலை போட்ட பச்சை இலை. முனைகூடக் கருகாமல், அடுக்கி வைத்த மாதிரி. அடியில் பொரித்த கையோடு செத்துப்போன புழுக்கள், கோதுமை ரவை தூவின மாதிரி.

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அம்மா" என்றேன்.

"தண்ணி ஊத்தச் சொன்னேல்லா, ஊத்துனேன்ட்டி" என்றாள். "குடிக்கத் தண்ணி இல்லாத அன்னைக்கும் ஒரு சொம்பு ஊத்திட்டுத்தாம் ஒல வச்சேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு. ராத்திரில அந்த டப்பா இருக்க பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன். நீ ஆசயா வந்து கேட்டே. உன் மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதாம்..."

"மத்தவங்க?"

"கொழாயடியில கேட்டாளுவ, அண்ணாச்சி வீட்ல என்ன செய்யிதீயன்னு. வேப்பல போடுதேன்னேன்."

ஆக, சதியின் தலைமைச் செயலகம் என் வீடு. நான் அந்தச் சந்தில் வாசல் வாசலாகக் கேட்டது சம்மதமே இல்லை. அப்பாவின் பெயரைச் சொல்லி மறுக்க முடியாத இடத்தில் எல்லோரையும் நிறுத்திவிட்டு, அவர்கள் தந்த மரியாதையைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பெற்ற தாயையும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். அவள் பயந்து பயந்து படுத்திருந்த அறையில்தான் நானும் படுத்திருந்தேன், குறட்டை விட்டு.

இதற்குள் கூட்டத்தைப் பார்த்து அப்பா கடையை விட்டு வந்தார். டப்பாவை எட்டிப் பார்த்தார். "அடப்பாவிங்களா, அதாம் இந்த மாசம் வேப்பிலக் கட்டு இந்தப் போக்குப் போச்சா! நான் ஏதோ அம்மன் கோயில் விசேஷம்னுல்லா கூடுதலா வரவழச்சேன்" என்றார்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிகாரிகளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, "சந்துச் சோதனையை நிறுத்திவிடலாம் செல்வி" என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தம் நீட்டிப்பது பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் டப்பாக்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் மறுபடியும் கலர் கொடுத்தார்கள். குடித்தேன், வேறென்ன செய்ய.

அப்பா பேச்சு மாறாதவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வடாலாக்காரங்களுக்கு நாள் சொல்லிவிட்டார்.

பையனும் அவர் பெற்றோரும் வந்தார்கள். பையன் நல்லவர்தான். அமைதியாக இருந்தார், என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டால் போதும், வெளியே வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இருக்காது என்று அவர் அம்மா தாராளமாகச் சொன்னார். கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை. ஆனால் நான் தோற்றுப்போனவள். தோற்றால் வடாலா என்று ஒப்புக்கொண்டவள். இத்தனை பேர் முன்னால், சந்து முழுக்க அப்பா பெயரைக் கெடுத்துவிட்டு, இங்கேயும் அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு வாய் வருமா?

"என்ன செல்வி, உனக்குச் சரிதான?" என்று கேட்டார் அப்பா.

"சரிப்பா" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அப்போதுதான் அம்மா காபித் தட்டோடு வந்தாள். வந்தவர்களுக்குக் கொடுத்தாள், அப்பாவுக்குக் கொடுத்தாள், கடைசியாக எனக்கு. டம்ளரை வாங்கிக் குனிந்து பார்த்தேன். நுரைக்கு மேலே, நட்ட நடுவில், ஒற்றை வேப்பிலை மிதந்தது.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவிடம், "சீனி போதுமா பாருங்க மதினி" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயில் வைத்த காபி மூக்கு வழியாக வந்தது. இருமி, தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா" என்றேன்.

"காபியா?" என்றார் அப்பா, கொஞ்சம் நம்பிக்கையோடு.

"இல்லப்பா. கல்யாணம்."

முதலில் சிரித்தவர் அந்தப் பையன்தான். அவருக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு வேப்பிலை தேவைப்பட்டிருக்கும் போல.

என் டம்ளரில் கிடந்த இலையைப் பார்த்துவிட்ட அப்பா பல நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வீட்ல என்கிட்ட நேரா ஒரு வார்த்த சொல்ல யாருக்கும் முடியலயா? இலையப் பாத்துத்தாம் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். கோபமாக ஆரம்பித்தது, முடியும்போது குரல் இறங்கிவிட்டது. அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதிலிருந்து இன்றுவரை அவர் எதைக் கேட்டாலும், கூடவே "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு" என்று ஒரு வரி சேர்த்துத்தான் கேட்கிறார்.

நான் மேடத்தைப் பார்க்கப் போனேன். "இன்னொரு தடவை கேட்க விடுங்கள். இந்தத் தடவை அப்பா பெயரைச் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்பவர்களிடம் முதலில் போவேன்" என்றேன். மேடம், "வேப்பிலை கொண்டுவராமல் இருந்தால் சரி" என்றார்.

முதலில் இசக்கி அத்தை. எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடித்தால் அந்தப் பாக்டீரியா எனக்கு வருமா, முறுக்கில் விழுந்தால் என்ன ஆகும், பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே கழற்றுவாயா, உன் மேடம் வீட்டில் இதைக் கட்டியிருக்கிறாளா? தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். (மேடம் வீட்டு வாசலில் அடுத்த வாரமே ஒரு டப்பா தொங்கியது. அந்தக் கேள்வியை நான் அப்படியே கொண்டுபோய்க் கேட்டிருந்தேன்.) அத்தை கடைசியில், "சரி, கட்டிட்டுப் போ. பிடிக்கலன்னா நானே கழட்டி உன் தலையில கவுத்துருவேன்" என்றாள். அந்தக் கோடையில் அவள் டப்பாவிலிருந்துதான் முதல் கொசு பறந்தது. பாதிக்கு மேல் வீடுகளில் வேண்டாம் என்றார்கள், என் முகத்தைப் பார்த்தே. கலரும் கொடுத்தார்கள். மறுத்துவிட்டுக் கொடுத்த கலர் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவிடமும் கேட்டேன். "வேண்டாம்ட்டி" என்றாள். சரிம்மா என்றேன். அவள் வாசலில் இன்றுவரை டப்பா இல்லை. அந்த வேலையில் நான் இன்னும் இருக்கிறேன், வறண்ட ஊர்களுக்குப் போய்வருகிறேன். தண்ணீர் ஊற்றுவார்களா என்று யாராவது கேட்டால், ஊற்றுவார்கள், கூட என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள் என்பேன்.

எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு சரி என்பது இரண்டு வகையாகிவிட்டது. நான் இப்போது இருப்பது செம்பூர் பக்கம், திலக் நகரில். என் கணவர் பாலக்காட்டுக் குடும்பம், வங்கி வேலை. "எங்க அம்மா ஒரு மாசம் வந்து தங்கட்டுமே?" என்று அவர் கேட்டு நான் சரி என்றால், "எந்த சரி? வேப்பிலைச் சரியா?" என்று என் டம்ளரை எட்டிப் பார்ப்பார். என் மாமியாருக்கும் கதை தெரியும். என் சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "வேப்பிலை இல்லை" என்று கையை விரித்துக் காட்டுவார்.

இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் வீட்டில் சொன்னது ஒரு சாயங்காலம். வேறு சாதி, வேறு பேச்சு, வேறு சாப்பாடு. அப்பா, "உங்கம்மாவக் கேளு" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே "சரிட்டி" என்றாள். உடனே சொன்னாள், டப்பாவுக்குச் சொன்ன அதே வேகத்தில்.

காபி வந்தது. நுரையை ஊதி ஒதுக்கிப் பார்த்தேன். நம்பாமல் விரலை விட்டுத் துழாவியும் பார்த்தேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இலை இல்லை. சீனிதான் கொஞ்சம் கூடுதல்.